திருமணத்தில் சவரன் கணக்கு: நம் சமூகம் பொருளாசைக்குள் மூழ்கிவிட்டதா?

கொடிக்கால் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆவணியில் குளித்தலையில் என் தங்கை மகளின் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்றுதான் நிச்சயத்தன்று சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து என் மைத்துனர் சரியாகத் தூங்கவில்லை. இத்தனை சவரன் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்லாமல் விட்டதால், எவ்வளவு போட்டால் குறை சொல்ல மாட்டார்கள் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, மணப்பெண் அறையில் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா உள்ளே வந்து, பெண்ணின் கழுத்திலிருந்த ஆரத்தை இரண்டு விரல்களால் சற்றே தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும்?" என்று என் தங்கையிடம் கேட்டார். தங்கை "முப்பது" என்றாள். உண்மையில் இருந்தது 22 சவரன். மீதி எட்டும் அந்த ஆரம்தான். அது என் தங்கையின் ஓரகத்தியிடமிருந்து இரவல் வாங்கியது. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இது தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னிக்கொண்டிருந்தவர் நிமிரச் சொல்லியும் நிமிரவில்லை.

அந்தப் பெண் வேதியியலில் முதுகலை முடித்தவள், பள்ளியில் கற்பிக்கிறாள். இரண்டு நாட்கள் மண்டபத்தில் இருந்தேன். அவள் என்ன படித்தாள் என்று கேட்டவர்களைவிட, என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டவர்களே அதிகம். 1986ஆம் ஆண்டு எனக்குத் திருமணம் ஆனபோது என் மனைவி தாலி, தோடு, மூக்குத்தி, ஒரு ஜோடி வளையல் ஆகியவற்றோடுதான் வந்தார். எங்கள் தெருவில் யாரும் எடை கேட்டதாக எனக்கு நினைவில்லை. இந்த நாற்பது ஆண்டுகளில் நமக்கு என்ன ஆகிவிட்டது? மனிதரை மனிதராகப் பார்க்கும் பார்வையே போய்விட்டதா? என் மனத்தில் பதில் "ஆம்" என்றே இருக்கிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

நாஞ்சில்

ஐயா, உங்கள் பக்கம் பெரியம்மா வந்து விரலால் தூக்கிப் பார்க்கிறார். எங்கள் குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் பெண் பார்க்கும் முன்பே தரகர் வழியாகச் சவரன், ரொக்கம், வாகனம் என்று மூன்றும் பேசப்பட்டுவிடும். பையனின் படிப்பு கூடக்கூட எண்ணும் கூடும். படிப்பு பொருளாசையைக் குறைக்கும் என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. மணமக்களுக்குத் தரப்படும் பரிசுப் பொருட்களை எழுத்தில் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிட வேண்டும் என்ற விதிகள் 1985இல் வந்தன. நூற்றுக்கணக்கான திருமணங்களுக்குப் போயிருக்கிறேன், அப்படி ஒரு பட்டியலை எழுதியவர்களை இதுவரை பார்த்ததில்லை. எண்ணிக்கை எல்லோர் வாயிலும் இருக்கிறது, தாளில் மட்டும் இல்லை.

உரைகல்

கொடிக்கால் ஐயாவுக்கு வணக்கம். நான் 31 ஆண்டுகள் ஒரு கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தங்கை மகள் தலை குனிந்த இடத்தைப் படித்தபோது எனக்கும் வலித்தது. ஆனால் தங்கத்தைப் பொருளாசையின் அடையாளமாக மட்டும் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் மறுபக்கத்தை நாள்தோறும் கையில் வாங்கிப் பார்த்தவன் நான்.

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் கிளை வாசலில் காலை எட்டரைக்கே வரிசை நிற்கும். பள்ளிக் கட்டணம், கல்லூரிச் சேர்க்கை, அதே சமயத்தில் சாகுபடிச் செலவு. பெண்கள் முந்தானை முடிச்சிலிருந்தும் பழைய பவுடர் டப்பாவிலிருந்தும் நகையை எடுத்துத் தருவார்கள். நான் கல்லில் உரசி, அமிலம் விட்டுப் பார்த்து, கல், அரக்கு, அழுக்கு எடையைக் கழித்து நிகர எடை போடுவேன். மதிப்பில் 75 விழுக்காடு வரை கடன் என்பதுதான் என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் இருந்த வரம்பு. அரை மணி நேரத்தில் பணம் கையில் கிடைக்கும். ஜாமீன் வேண்டாம், சம்பளச் சான்று வேண்டாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். நிலம் இல்லாத, ஓய்வூதியம் இல்லாத ஒரு குடும்பத்துக்கு இந்த நாட்டில் இப்படிக் கடன் தரக்கூடிய வேறு பொருள் என்ன இருக்கிறது?

ஒரே வளையல் ஜோடியைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து அடகுக்கு எடுத்திருக்கிறேன். அந்த அம்மாவின் மூத்த மகன் ஆறாம் வகுப்பு சேர்ந்த ஆண்டு தொடங்கியது. இளைய மகள் செவிலியர் படிப்பை முடித்த ஆண்டு நின்றது. வளையலின் உட்புறம் தேய்ந்து, முதலில் இருந்த எடையில் கால் கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. கடைசியாக மீட்டபோது அவர் அதைக் கையில் போட்டுக்கொள்ளக்கூட இல்லை, பையில்தான் வைத்தார். அதை அவர் அணிந்து நான் பார்த்ததே இல்லை. இந்த அம்மாவைப் பொருளாசைக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழாது.

அரசுக்கும் இது தெரியும். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரை வைக்கப்பட்ட நகைக்கடன்களைத் தகுதியுள்ளவர்களுக்குத் தள்ளுபடி செய்தார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011இலிருந்து தாலிக்கு 4 கிராம் தங்கம் தந்தார்கள், 2016இல் அதை 8 கிராமாக உயர்த்தினார்கள். 2022இல் அதே திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தாலித் தங்கம் படிப்புப் பணமானதைப் பலர் பாராட்டினார்கள், நானும்தான். ஆனால் என் வரிசையில் நின்ற பெண்களைக் கேட்டிருந்தால், தங்கம் எப்போதுமே படிப்புப் பணமாகத்தான் இருந்தது என்று சொல்லியிருப்பார்கள்.

நான் குறை சொல்வது வேறு ஒன்றை. வாங்கும் இடத்தில் செய்கூலி, சேதாரம் என்று போவது ஒருநாளும் திரும்பி வராது. நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் நகையில் பத்துப் பதினைந்து ரூபாய் கடை வாசலைத் தாண்டும்போதே கழிந்துவிடுகிறது; அதற்கு மேல் 3 விழுக்காடு வரி. முறுக்குச் சங்கிலியாகவோ தட்டை வளையலாகவோ வாங்கினால் இழப்பு குறைவு. கல்யாண ஆரத்தில் வேலைப்பாடு கூடக்கூட இழப்பும் கூடும். உங்கள் வீட்டில் இரவல் வாங்கிய ஆரம் எட்டு சவரன் என்றால், அதைச் சொந்தமாக வாங்காமல் விட்டதில் உங்கள் தங்கைக்கு இழப்பு ஏதும் இல்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

தவணை

நான் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவள், சென்ற தை மாதம் எனக்குத் திருமணம் ஆனது. உரைகல் ஐயா சொல்வது சரியென்றே படுகிறது. என் திருமணத்தில் அப்பா வாங்கித் தந்த நகை இன்றும் பெட்டகத்தில் இருக்கிறது. மேடை அலங்காரம், திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு, ட்ரோன் ஒளிப்பதிவு, வரவேற்புக்கு மட்டும் ஒரு முறை உடுத்திய உடை ஆகியவற்றுக்காக நானும் கணவரும் வாங்கிய தனிநபர் கடனுக்கு இன்னும் 29 தவணைகள் பாக்கி இருக்கின்றன. அந்த மேடைப் பூக்கள் மறுநாள் காலை பத்து மணிக்கு மண்டபத்தின் பின்புறம் குவியலாகக் கிடந்ததை நானே பார்த்தேன். இவையெல்லாம் எனக்கு வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. தோழிகளின் படங்களைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, அவை இல்லாவிட்டால் என் திருமணமே நிறைவாகாது என்று நானே நம்பினேன். எனவே கொடிக்கால் ஐயாவின் கேள்விக்கு என் பதிலும் "ஆம்"தான், ஆனால் தங்கத்தை வைத்து அல்ல.

மொய்நோட்டு

பேராவூரணிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்களிலும் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடப்பதைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பந்தலில் மேசை போட்டு எழுத்தர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கறி விருந்து நடக்கும், பணம் எண்ணும் இயந்திரம்கூட வரும். வெளியூர்க்காரர்கள் அதை வேடிக்கையாகவோ பேராசையாகவோ பார்க்கிறார்கள். தொடக்கத்தில் அது வட்டியில்லாக் கைமாற்று. ஒரு விவசாயிக்கு ஆழ்துளைக் கிணறு போட மொத்தமாகப் பணம் வேண்டும். ஊர் கூடிக் கொடுக்கும். மற்றவர் வீட்டு விருந்தில் அவர் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார். வங்கி எட்டாத இடத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்பி அமைத்துக்கொண்ட ஏற்பாடு.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. என் தோப்பில் காய்த்துக்கொண்டிருந்த 140 மரங்களில் நின்றவை பதினொன்று. தென்னை மறுபடி காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும், மொய் நோட்டோ அந்த ஆண்டே திருப்பச் சொல்லும். அப்போதுதான் எங்களுக்குள் இருந்த வேறுபாடு தெரிந்தது. "உன் தோப்பு நிமிரட்டும், பிறகு செய்" என்று சொன்ன வீடுகள் சில. பெயரை நோட்டில் வட்டமிட்டு ஆள் அனுப்பிக் கேட்ட வீடுகள் சில. இரண்டு வீட்டாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தாம், நோட்டும் ஒன்றுதான். ஆகவே, பொருள் கைமாறும் வழக்கத்தை மட்டும் பார்த்து ஒரு சமூகத்தை எடை போட முடியாது என்று கருதுகிறேன். கொடுக்க முடியாதவனிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கொடிக்கால் ஐயாவின் தங்கை "22" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெரியம்மா என்ன செய்திருப்பார்? நமக்குத் தெரியாது. தங்கை அந்தச் சோதனைக்கு இடம் தரவில்லை.

மருதாணி

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் தங்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது இல்லாமல் இந்த விவாதம் பாதியாகவே நிற்கும்.

நான் திருவையாற்றுப் பக்கம் நன்செய் உள்ள குடும்பத்தில் பிறந்தவள். 1998இல் 35 சவரன் போட்டு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்குச் சவரன் மூவாயிரத்துச் சொச்சம். ஊரே மெச்சியது. 2011இல் அப்பா காலமானார். நாற்பதாம் நாள் முடிந்து இரண்டு வாரத்தில் அண்ணன்கள் இருவரும் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். பத்திர எழுத்தர் முன்கூட்டியே தாளைத் தயாராக வைத்திருந்தார். விடுதலைப் பத்திரம். பூர்வீக நிலத்தில் எனக்குள்ள பங்கை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது. நான் படித்துப் பார்க்க வேண்டும் என்றேன். பெரியண்ணன் கோபப்படவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்: "நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம், அப்புறம் என்னம்மா?" வரிசையில் எங்களுக்குப் பின்னால் வேறொரு குடும்பம் நின்றது, அங்கேயும் ஒரு தங்கை கையில் அதே போன்ற தாள் இருந்தது. மையைப் பெருவிரலில் ஒற்றி வைத்தேன். வீட்டுக்கு வந்து எவ்வளவு தேய்த்தும் அந்தக் கறை இரண்டு நாள் போகவில்லை.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25இலிருந்து இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. நாடு முழுவதற்கும் அந்த உரிமை 2005இல்தான் வந்தது. நாம் பதினாறு ஆண்டுகள் முந்தியவர்கள். 1998இல் மணமான எனக்கு அந்தப் பங்கு முழுமையாக உண்டு. சட்டம் கொடுத்ததை ஊர் வழக்கம் ஒரு கையெழுத்தில் வாங்கிக்கொண்டது, அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது என் கழுத்தில் கிடந்த நகை. அந்த 35 சவரன் என்ன ஆயிற்று என்றால், 14 சவரன் கணவர் வீட்டுக்குத் தளம் போட விற்கப்பட்டது, 9 சவரன் மாமியாரின் சிகிச்சைக்கு அடகு போய் ஏலத்தில் மூழ்கியது, மீதி இன்றும் வங்கிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறது. பெண்ணுக்குத் தரப்படும் சீதனம் முழுக்க அவளுடைய சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. அதைச் சொல்லிக்கொண்டு எந்த மருமகளால் "மாமியார் ஆபரேஷனுக்கு என் நகையைத் தர மாட்டேன்" என்று நிற்க முடியும்? அண்ணன்களின் நிலம் அங்கேயே இருக்கிறது. யாருடைய ஆபத்துக்கும் அதைக் கழற்றிக் கொடுக்க முடியாது.

எனவே ஒரு தாய் தன் மகளுக்கு இரண்டு சவரன் கூடுதலாகப் போட வேண்டும் என்று துடிப்பதை நான் பொருளாசை என்று சொல்ல மாட்டேன். இந்தக் குடும்பத்திலிருந்து அவளுக்குக் கிடைக்கப்போவது அவ்வளவுதான் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். அவளுடைய ஆசையை நகைச்சீட்டிலும் கடை வாசலிலும் எல்லோரும் பார்க்கிறோம், பேசுகிறோம். நிலத்தின் மீது வைத்த ஆசை பத்திர அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது; அதை யாரும் பேராசை என்று சொல்வதில்லை, குடும்ப ஒற்றுமை என்று சொல்கிறார்கள்.

கொடிக்கால்

மருதாணி அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். மறைக்காமல் சொல்கிறேன்: 1994இல் என் தங்கையிடமும் அப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவன் நான். ஒன்றேகால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அது தவறென்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. மணப்பெண் அறையில் அவள் "முப்பது" என்று சொன்னபோது, சமூகம் கெட்டுவிட்டதென்று வருந்தியவன், அந்த எட்டு சவரன் பள்ளத்தில் என் பங்கும் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று இன்னும் எனக்குப் புரியவில்லை. தங்கம் பாதுகாப்பு என்றால், விலை ஏற ஏற எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் சவரன் ஏறத்தாழ 3,500 ரூபாய், 2020 ஆகஸ்டில் 40,000 ரூபாய்க்கு மேல் இருந்தது, 2025 அக்டோபரில் 90,000 ரூபாயையும் தாண்டிவிட்டது. பத்து சவரனே இன்று பெருஞ்சொத்து. பிறகு ஏன் இன்னும் முப்பது, ஐம்பது என்று எண்ணுகிறோம்?

உரைகல்

ஐயா, நான் கண்டதைச் சொல்கிறேன். விலைக்குத் தக்கபடி கணக்குப் போடுவது என்றால் ரூபாயில் அல்லவா பேச வேண்டும்? யாரும் அப்படிப் பேசுவதில்லை. முந்தைய தலைமுறையில் அக்காளுக்குப் போட்ட சவரன் எண்ணிக்கை தங்கைக்குக் குறையக்கூடாது, பெரிய மருமகள் கொண்டுவந்ததைவிடச் சின்ன மருமகள் குறைவாகக் கொண்டுவரக்கூடாது என்று எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பாதுகாப்புக்கு வேண்டிய தங்கம் வேறு, ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய தங்கம் வேறு. முதலாவதை நான் அடகு வரிசையில் பார்த்தேன். இரண்டாவதற்காகத்தான் ஓரகத்தியின் ஆரத்தை வாங்கிப் போடுகிறோம். உங்கள் கேள்விக்கு "ஆம்" என்று நான் சொல்வதானால் இந்த இரண்டாவதற்கு மட்டும் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. கடைகளில் நகைச்சீட்டு பதினொரு மாதத்தில் முடிவது ஏன் என்று பலர் யோசிப்பதில்லை. நிறுவனங்கள் பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் நேர் செய்யாவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும், அதற்குத் தனிச் சட்டம் பாயும். சேமிப்பு என்று நினைத்து மாதாமாதம் கட்டும் பெண், முடிவில் பணமாகத் திரும்பப் பெற முடியாது, அந்தக் கடையின் நகையாகத்தான் வாங்க வேண்டும். அஞ்சலகத்திலோ வங்கியிலோ அதே தொகையைக் கட்டினால் முடிவு அவள் கையில் இருக்கும்.

மொய்நோட்டு

உரைகல் ஐயா சொன்ன இரண்டாவது வகைக்குள் நாங்கள் எப்படி விழுந்தோம் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. மொய் செய்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் படிக்கத் தொடங்கிய ஆண்டிலிருந்து எங்கள் ஊரில் தொகை ஏறியது. நோட்டுக்குள் இருந்தவரை அது இரு வீடுகளுக்கு இடையிலான கணக்கு.

தவணை

மருதாணி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவை அழைத்து, எங்கள் ஊர் நிலத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். இருபத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாகக் கேட்கிறேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கு ஏதாவது பணக் கஷ்டமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தம்பியிடம் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

கொடிக்கால்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மறுவீட்டு அழைப்பு முடிந்து இரவல் ஆரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதைக் கொடுத்த அன்றே எங்கள் பெண் தன் மாமியாரிடம் எண்ணிக்கையை உள்ளபடி சொல்லிவிட்டாளாம். அவர் முகம் சற்று மாறியது என்றும், அன்று இரவுச் சாப்பாட்டின்போது வழக்கம்போல் பேசினார் என்றும் சொன்னாள். நண்பர் மொய்நோட்டு கேட்ட கேள்விக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் பதில் கிடைத்திருக்கிறது.

தங்கையையும் மைத்துனரையும் உட்காரவைத்துப் பேசினேன். முதலில் என் கணக்கு: கொடிக்காலில் அறுபது சென்ட் அவள் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். என் மகனிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவன் முழுமனத்தோடு ஒப்புக்கொண்டான் என்று சொல்ல முடியாது, ஆனால் மறுக்கவில்லை. தங்கை அழுதாள். மைத்துனர்தான் குறுக்கே பேசினார், வேண்டாம், ஊர் என்ன சொல்லும் என்று. பிறகு இளைய பெண்ணின் திருமணப் பேச்சு வந்தது. அவளுக்கும் 22 சவரன் என்று நகைச்சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பாதியாக நிறுத்திக்கொண்டு, அவர்களுடைய வாழைத் தோட்டத்தில் இரண்டு பெண்களுக்கும் பையனுக்கும் சமமாக எழுதிவிடலாமே என்றேன். மைத்துனர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். "பெரியவளுக்குத்தான் போட்டாயிற்றே, அவளுக்கும் சேர்த்தா?" என்றார். என் தங்கை, "ஆமாம், அவளுக்கும்தான்" என்றாள். அவள் அவரிடம் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த புதன்கிழமை வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடுகிறோம். மைத்துனருக்கு இன்னும் ஒரு பயம் இருக்கிறது: உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் முதுமையில் தன் கையில் எதுவும் இருக்காதே என்கிறார். அந்தப் பயம் நியாயமானது. ஆயுள் உள்ளவரை தானே அனுபவித்துக்கொண்டு, பிறகு பிள்ளைகளுக்குச் சேரும்படி எழுத வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதாணி

உண்டு, ஐயா. செட்டில்மென்ட் பத்திரத்திலேயே ஆயுள்கால அனுபவ உரிமையை அவருக்கும் உங்கள் தங்கைக்கும் வைத்துக்கொண்டு எழுதலாம். உங்கள் தங்கையின் பெயரை அந்த வரியில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். எழுத்தர்கள் பெரும்பாலும் கணவர் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். கையொப்பமிடும் முன் பிள்ளைகள் மூவரையும், குறிப்பாகப் பெண்கள் இருவரையும், உட்காரவைத்து முழுப் பத்திரத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.